பள்ளியிலிருந்து வெப் டெவலப்மெண்டுக்கு: ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள்

தொழில் மாற்றம் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஆசிரியர்களுடையது. பூட்கேம்ப் (சில மாதங்களில் கோடிங் கற்றுத்தருகிற தீவிரப் பயிற்சி) மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவன், புதியவர்களை நேர்காணல் செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மொழிப்பாடம் நடத்துகிறேன். கணக்கு என்றாலே எனக்குப் பயம். கோடிங் வருமா?

வரும். சாதாரண வெப் வேலையில் கூட்டல், பெருக்கல், சதவீதம் தாண்டிக் கணக்கு வருவது குறைவு. எழுதியதை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிற கண்தான் முக்கியம். விடைத்தாளில் ஒற்றுப்பிழை பிடிக்கிறவருக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும்.

உங்களுக்கு இது பிடிக்குமா என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இரண்டு பெட்டி, ஒரு பட்டன் வைத்து, இரண்டு மதிப்பெண்களைக் கூட்டுகிற ஒரு பக்கம் எழுதுங்கள். 45, 40 என்று போட்டு பட்டனை அழுத்தினால் 85 வர வேண்டிய இடத்தில் 4540 என்று வரும். பெட்டியில் நீங்கள் எண்ணையே தட்டினாலும் பிரவுசர் அதை எழுத்துச் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வெப் நிரல்மொழியிடம் கொடுக்கிறது. இரண்டு சரங்களுக்கு நடுவே பிளஸ் போட்டால் அது இரண்டையும் ஒட்டிவிடும். 'நம்பர்' என்ற ஃபங்ஷன் வழியாக எண்ணாக்கிக் கூட்டினால் சரியாகிவிடும். அப்புறம், எதையும் மாற்றாமல் பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ் போட்டுப் பாருங்கள், ஒழுங்காக 5 வரும். இது ஏன் என்று தேடத் தோன்றுகிறதா, எரிச்சலாகி மூடிவைக்கத் தோன்றுகிறதா? தேடத் தோன்றினால் தைரியமாக மேலே போகலாம்.

வேலையை விட்டுவிட்டு முழுநேர பூட்கேம்ப்பில் சேரட்டுமா?

இப்போதைக்கு எதிலும் சேராதீர்கள். முதல் இரண்டு மாதம் பணம் கட்டாமல் படியுங்கள். ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் என்ற இணையப் பாடத் தளங்கள் இரண்டும் இலவசம். சந்தேகம் வந்தால் பார்க்க மொசில்லாவின் எம்டிஎன் என்ற விளக்கத் தளம் இருக்கிறது. 2014-ல் ஃப்ரீகோட்கேம்ப்பைத் தொடங்கிய குவின்சி லார்சனே பள்ளி நிர்வாகத்தில் இருந்துவிட்டு, முப்பது வயதையொட்டி கோடிங் கற்றவர்தான். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் நிறையப் பேர்.

அந்த இரண்டு மாதமும் விடாமல் படித்தீர்கள் என்றால் பூட்கேம்ப்பைப் பற்றி யோசிக்கலாம். முழுநேரப் படிப்பு பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாது. பகுதிநேரம் என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம். குடும்பப் பொறுப்பு உள்ள ஆசிரியர்களுக்குப் பகுதிநேரத்தைத்தான் சொல்வேன். சேருமுன் பாடத்திட்டத்தைப் பள்ளி நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தொடங்குகிற வாரங்களும் திருத்தும் பணி குவிகிற வாரங்களும் ஒன்றாக வந்தால் அடுத்த பேட்ச்சுக்குக் காத்திருப்பது நல்லது. பலர் விட்டுப்போவது அந்தக் கட்டத்தில்தான்.

சேமிப்பைக் கணக்கிடும்போது படிக்கிற மாதங்களை மட்டும் எண்ணாதீர்கள். வேலை தேட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

'90 சதவீதம் பேருக்கு வேலை' என்கிறது ஒரு விளம்பரம். நம்பலாமா?

எத்தனை பேரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, 'வேலை தேடுகிறேன்' என்று பதிவு செய்தவர்களில் மட்டுமா? அந்தப் பூட்கேம்ப்பிலேயே உதவியாளராகச் சேர்ந்தவர், பழைய வேலைக்கே திரும்பியவர் எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

காரணத்தோடுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, முன்பு லாம்ப்டா ஸ்கூல் என்றிருந்த ப்ளூம்டெக் என்ற கோடிங் பயிற்சி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தவர்கள் என்று விளம்பரத்தில் 71 முதல் 86 சதவீதம் வரை சொல்லப்பட்டது, உள்கணக்கில் அது 50-ஐ ஒட்டித்தான் இருந்தது என்பது அந்த அமைப்பின் குற்றச்சாட்டு. 'வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுங்கள்' என்ற ஒப்பந்தத்தைக் கடனே இல்லை என்று மாணவர்களிடம் சொன்னதும் அதில் சேர்ந்தது. அப்படி ஒரு தாளை உங்களிடம் நீட்டினால் கடன் பத்திரத்தை வாசிக்கிற மாதிரி வாசியுங்கள். எந்த வேலை கிடைத்தாலும் பங்கு போகுமா, அதிகபட்சம் எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன ஆகும்?

நிறுவனமே பாதியில் மூடினால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 2012-ல் தொடங்கி இந்தத் துறைக்கே முன்னோடியாக இருந்த டெவ் பூட்கேம்ப்கூட 2017-ல் மூடப்பட்டது.

வயது 44. தாமதமாகிவிட்டதா?

இல்லை. ஆனால் உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் நீங்கள் எழுதிய கோடிங்கைத் திருத்துவார். அது உறுத்தாது என்றால் வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஏஐ-யே கோடு எழுதுகிறதே, இனிமேல் கற்று என்ன பயன்?

தொடக்கநிலை வேலைகளுக்குப் போட்டி சில வருடங்களுக்கு முன்பு இருந்ததைவிடக் கடுமையாகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். எழுதித் தருவது எளிதாகிவிட்டதால், எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் தேவைப்படுகிறார். படிக்கிற காலத்தில் ஏஐ-யிடம் விடை கேட்காதீர்கள், விளக்கம் கேளுங்கள். நோட்ஸைப் பார்த்து எழுதிய பிள்ளை தேர்வில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணலில் நாங்கள் முதலில் கேட்பதே 'இந்த வரி எதற்கு?' என்பதுதான்.

காட்டுவதற்கு என்ன ப்ராஜெக்ட் செய்வது?

செய்ய வேண்டிய வேலைப் பட்டியல், வானிலை ஆப் இரண்டும் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த தலைவலி ஒன்றை எடுங்கள். லீவு போட்ட ஆசிரியரின் பீரியடுக்கு யாரை அனுப்புவது என்று காலையில் நடக்கிற அந்தத் தடுமாற்றம் நல்ல ப்ராஜெக்ட். யாருக்கு அந்த நேரத்தில் வகுப்பு இல்லை, இந்த வாரம் யார் ஏற்கெனவே போனார்கள், ஒரே நாளில் இரண்டு பேர் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க நிறைய இருக்கிறது. நேர்காணலில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். பள்ளியை ஏன் விடுகிறீர்கள் என்ற கேள்விக்கும் புலம்பாமல் பதில் சொல்ல அது உதவும்.

மாணவர்களின் உண்மையான பெயர், மதிப்பெண் எதையும் அதில் போடாதீர்கள். ஏபிஐ கீயை (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தருகிற ரகசியக் குறியீடு) கிட்ஹப்பில், அதாவது கோடு சேமித்துப் பகிர்கிற தளத்தில், ஏற்றிவிட்டால் அழித்தால் மட்டும் போதாது; பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியே இருக்கும். உடனே அந்தக் கீயை ரத்து செய்து புதிதாக வாங்குங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று: கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் பழகியவர்கள் நீங்கள். வெப்பிலும் அதற்கு விதி உண்டு. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வெப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி தரப்படி (ஏஏ நிலை) சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். மௌஸைத் தொடாமல் டேப் கீயை வைத்தே உங்கள் பக்கம் முழுவதும் போய்வர முடிகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் சரிசெய்து வருகிற புதியவர்களை அரிதாகத்தான் பார்க்கிறேன்.

சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

எல்லோருக்கும் புரிகிறது என்பதை நம்பாதீர்கள். வகுப்பில் தலையாட்டுகிற பிள்ளைகளை நீங்களே எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! பல வருடம் பதில் சொல்கிற இடத்தில் இருந்துவிட்டுக் கேட்கிற இடத்துக்கு வருவது சிரமம்தான்.

வாயால் கேட்க முடியாவிட்டால் எழுதிக் கேளுங்கள்: என்ன செய்யப் பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை என்ன முயன்றேன். பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள். அரை மணி நேரம் முட்டி நின்றால் அனுப்பிவிடுங்கள், இரவு முழுக்கக் காத்திருக்காதீர்கள். எழுதும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும். மீதியை உங்கள் மென்டர் பார்த்துக்கொள்வார், அதற்குத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.