காருக்கு அடியில் ஆயில் சொட்டு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, காலையில் காரை எடுத்ததும் தரையில் ஒரு ஈர வட்டம். எந்த ஆயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ராத்திரி நிறுத்தும்போது பழைய காலண்டர் தாள்களை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அடியில் விரித்துவிடுங்கள். முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று ஒரு குறி போடுங்கள். கறுப்பு, பழுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், இல்லையென்றால் பவர் ஸ்டீயரிங் ஆயில். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே வகைதான் ஊற்றுவார்கள். பழசானால் அந்தச் சிவப்பும் பழுப்பாகிவிடும், அதனால் முகர்ந்தும் பாருங்கள். மேனுவல் கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் லேசான இனிப்பு வாடை வரும். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர்மஞ்சளாக ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், காரை எடுக்கவே வேண்டாம். வெறும் தண்ணீரா? ஏசி தண்ணீர்தான், நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: சார், பழைய டீசல் கார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டுகிறது. கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினின் சுழல்தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு வாட்டர் வாஷ் செலவில் தெரிந்துகொள்ள வேண்டியதை கியர்பாக்ஸை இறக்கித் தெரிந்துகொள்ள வேண்டாம். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் பின்பக்கம் கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும், ஆயில் இன்ஜின் பிளாக்கின் மேலேயே வழிந்து அதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஓடும்போது காற்றும் அதைப் பின்பக்கமாகத் தள்ளும். சொட்டுகிற இடத்தை விடுங்கள், ஈரம் இருக்கிற இடங்களில் எது மிக மேலே இருக்கிறது என்று பாருங்கள்.

இன்ஜின் ஆறியதும் டீசலும் பிரஷும் வைத்துத் தேய்த்து, கழுவிக் காயவையுங்கள். ஆல்டர்னேட்டரில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவியிருந்தால் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே சேரும் அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அது வழியாக ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசியும். அப்போது சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும், பாவம்.

எல்லாம் பார்த்தும் கிளட்சை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு உள்ளிருந்துதான் வருகிறது என்றால் சொட்டை முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் வாடை என்றால் போனது கிராங்க் சீல் இல்லை, இன்ஜினின் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் தண்டின் சீல் (இன்புட் ஷாஃப்ட் சீல்). எதுவானாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் அதோடு பார்த்துவிடுங்கள், லேபர் ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, என்னுடையது ஆட்டோமேட்டிக். சிவப்பாகச் சொட்டுகிறது. டி-யில் போட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் நகர்கிறது.

பதில்: ஓட்டாதீங்கம்மா. ஆயில் குறைந்து, உள்ளே பிரஷர் கிடைக்காமல்தான் அந்தத் தாமதம் என்று தோன்றுகிறது. அப்படியே ஓட்டினால் உள்ளிருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் கருகும், பேக்கிங் செலவோடு முடிய வேண்டியது கியர்பாக்ஸ் செலவாகிவிடும். ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ஹோஸ் இணைப்புகள், அடித்தட்டு பேக்கிங், டிரைவ் ஷாஃப்ட் சீல் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஆயில் சூடாக, இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்ப்பார்கள், சிலவற்றில் அணைத்துவிட்டு. கையேட்டில் இருக்கும். சிவப்பாக இருக்கிறதே என்று கிடைத்த ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

கேள்வி: சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே சொட்டுகிறது.

பதில்: ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே போட்டிருப்பார்கள். அல்லது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை முறுக்கியிருப்பார்கள். இது ஆபத்து, ஓடும்போது மொத்த ஆயிலும் கொட்டலாம். இன்றே காட்டுங்கள்.

கேள்வி: லீக் அடைக்கும் மருந்து ஊற்றலாமா?

பதில்: காய்ந்து சுருங்கிய ரப்பர் சீல் கொஞ்சம் உப்பும், சில மாதம் தள்ளலாம். கிழிந்த பேக்கிங்கை அது ஒன்றும் செய்யாது.

கேள்வி: எவ்வளவு சொட்டினால் பயப்பட வேண்டும்?

பதில்: வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். பழைய வண்டியில் பிளாக் லேசாக ஈரமாக இருந்து அளவு குறையாவிட்டால் விட்டுவிடலாம். சைலன்சர் குழாயில் சொட்டிப் புகை வந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, தள்ளிப்போடாதீர்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். பக்கத்து ஊர் வரை போய்விடலாம் என்றெல்லாம் பார்க்காதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.