மகன் ஃபுட்டிதான் என்கிறான்: மெல்பர்ன் அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகனுக்கு டேலன்ட் லீக் (18 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி) அணியில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, அவனோ ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தைத், தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிப்பா, ஆட்டமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். அந்தக் கேள்வியை அவன் முன்னால் வைக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். பதினேழு வயதில் அப்படிக் கேட்டால் பிள்ளை ஆட்டத்தைத்தான் சொல்லுவான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே அப்புறம் புத்தகத்தைத் தொடமாட்டான்.

ஜிம் ஸ்டைன்ஸ் யார் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். மெல்பர்னில் ஃபுட்டி ஆடும் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஒரு பெற்றோர் பார்க்க வேண்டிய விஷயங்கள் அந்த வாழ்க்கையில் வேறு இருக்கின்றன.

ஸ்டைன்ஸ் 1966-இல் டப்ளினில் பிறந்தவர். ஆடியது அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பால். அதில் பந்து உருண்டை, ஆடுகளம் செவ்வகம். 1984-இல் மெல்பர்ன் கிளப் அயர்லாந்திலிருந்து உயரமான இளைஞர்களைத் தேடியபோது, பதினெட்டு வயதில் விமானம் ஏறினார். முட்டை வடிவப் பந்தில் ஆடும் ஃபுட்டியை அதற்கு முன் அவர் ஆடியதே இல்லை. இங்கே நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய ஒன்று உண்டு: அவருக்குக் கிடைத்த அழைப்பிலேயே கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகையும் சேர்ந்திருந்தது. ஆட்டம் கைகொடுக்காமல் போனாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். ஆடிக்கொண்டே ஆசிரியர் படிப்பை முடித்தார்.

தொடக்கம் சுலபமாக இல்லை. 1986-இல் கீழ்நிலைப் போட்டியில் ஆட பிரான் கிளப்புக்கு அனுப்பப்பட்டார். முதன்மை அணியில் அறிமுகமானது 1987-இல்தான். அதே வருடம், 1964-க்குப் பிறகு முதன்முறையாக மெல்பர்ன் இறுதிச்சுற்றுகளுக்கு வந்திருந்தது. ஹாதார்ன் கிளப்புக்கு எதிராக, இறுதிப்போட்டிக்கு முந்தைய தகுதி ஆட்டம் முடியும் கணத்தில், ஃப்ரீ கிக் (தடையில்லாமல் உதைக்கும் வாய்ப்பு) பெற்ற கேரி பக்கெனாராவுக்குக் குறுக்கே ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். விதிப்படி நடுவர் பந்தைப் பதினைந்து மீட்டர் முன்னே கொண்டுபோனார். எட்டாத தூரத்திலிருந்த கோல் எட்டியது. சைரன் ஒலித்த பிறகு அடித்த அந்த உதையில் மெல்பர்ன் இரண்டு புள்ளிகளில் தோற்றது. தனது முதல் சீசனிலேயே, ஊரே பார்க்க இப்படி ஒரு தவறு!

நான்கு வருடம் கழித்து, 1991-இல், லீகின் உயரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1998-இல் ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் 264 ஆட்டங்கள். அவற்றில் 244 இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து ஆடியவை. ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994-இல், இயக்குநர் பால் கரியுடன் சேர்ந்து இளைஞர்களுக்காக ‘ரீச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008-இல் கடனில் தத்தளித்த தன் பழைய கிளப்புக்கே தலைவரானார். புற்றுநோயோடு போராடியபடியே அந்தக் கடனை அடைக்க முன்னின்றார். 2012 மார்ச்சில், 45 வயதில் இறந்தபோது விக்டோரியா அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. அவருடைய ஆட்டம் முப்பத்திரண்டு வயதில் முடிந்தது. படித்த படிப்பும் பிள்ளைகளோடு பழகிய பழக்கமும் அதற்குப் பிறகும் வேலை செய்தன.

எல்லோரும் ஸ்டைன்ஸ் ஆகிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஃபுட்டியின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்-இன் கிளப்புகள் புதிய வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் தேசிய டிராஃப்டில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 60, 70 பெயர்கள்தான் வாசிக்கப்படுகின்றன. முதல் பெயராக வந்தாலும் உத்தரவாதம் இல்லை. 2013 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட டாம் பாய்ட், 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பை வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர். 2019-இல், 23 வயதில், ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே ஓய்வை அறிவித்தார். உடலும் மனமும் களைத்துப்போனதை அவரே வெளிப்படையாகப் பேசினார். இதை மகனைப் பயமுறுத்தச் சொல்லாதீர்கள். அவனோடு உட்கார்ந்து பேசுவதற்காகச் சொல்லுங்கள்.

உங்களை அதிகம் சோதிக்கப்போவது அடுத்த வருட நாட்காட்டி. செப்டம்பரில் டேலன்ட் லீக் இறுதிச்சுற்றுகள். அக்டோபர் தொடக்கத்தில் டிராஃப்ட் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை. அழைப்பு வந்தால் 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், மேல்நோக்கிக் குதித்தல் என்று அளந்து பார்ப்பார்கள். அக்டோபர் கடைசியில் விசிஇ எனும் பன்னிரண்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வுகள் தொடங்கிவிடும். நவம்பரில் டிராஃப்ட். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏடார் தரவரிசை எண் வருவது டிசம்பரில். இரண்டும் ஒரே நேரத்தில் மோதும் என்று தெரிந்த பிறகு, ஆகஸ்டில் போய்த் திட்டம் போடுவதில் அர்த்தமில்லை. அவனுக்குப் பிடித்த ஒரு பாடத்தின் மூன்றாம், நான்காம் யூனிட்களை (பொதுவாகப் பன்னிரண்டில் படிப்பவை) பதினோராம் வகுப்பிலேயே முடித்துவிட முடியுமா என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள். உயர்மட்ட விளையாட்டு வீரர்களுக்குச் சேர்க்கையிலும் வகுப்பு நேரத்திலும் சலுகை தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு; அவன் விரும்பும் படிப்புக்கு அது பொருந்துமா என்பதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று, அம்மாக்கள் பலரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். எடுக்கும் கிளப்பைப் பிள்ளை தேர்ந்தெடுக்க முடியாது. பெர்த் நகரின் கிளப் ஒன்று அவன் பெயரை வாசித்தால் பெர்த்துக்குத்தான் போக வேண்டும். புதிதாக வரும் பையன்களைப் பெரும்பாலும் ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கவைப்பார்கள். சமைக்கவும், துணி துவைக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் இந்த வருடமே பழக்கிவிடுங்கள். கிளப் உள்ளே போய்விட்டால் படிப்பைத் தொடர உதவும் ஆள் அங்கேயே இருப்பார். வீரர்கள் சங்கமும் கல்விக்கு உதவித்தொகை தருகிறது. அதைக் கேட்டு வாங்குகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

தலைக்காயத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்காமல் பேசுவேன். ஸ்டைன்ஸ் வலியோடும் காயத்தோடும் ஆடியதை ஊர் கொண்டாடியது. அந்தப் பகுதியை உங்கள் மகன் பின்பற்ற வேண்டாம். பாலி ஃபார்மர், டேனி ஃப்ராலி போன்ற முன்னாள் வீரர்களின் மூளையில் சிடிஇ (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய மூளைச் சிதைவு) பாதிப்பு இருந்தது இறந்த பிறகுதான் உறுதியானது. தலையில் அடிபட்டு ஏற்படும் மூளை அதிர்ச்சியால் மெல்பர்னின் ஆங்கஸ் பிரேஷா 2024-இல் 28 வயதில் ஆட்டத்தை விட்டார். உள்ளூர் ஆட்டங்களில் இப்போது அதிர்ச்சிக்குப் பிறகு குறைந்தது 21 நாள் களம் இறங்கக் கூடாது. முக்கியமான ஆட்டம் வருகிறது என்று யாராவது இந்த நாட்களைக் குறைக்கப் பார்த்தால், நீங்கள் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும்.

நவம்பரில் பெயர் வராமலும் போகலாம். அதோடு கதவு மூடிவிடாது. காலிங்வுட் கிளப்புக்கு ஆடிய மேசன் காக்ஸ் அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். இருபத்து மூன்று வயது வரை ஃபுட்டி ஆடியதே இல்லை. 2016-இல் அறிமுகமாகி 2023-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஏஎஃப்எல்-க்கு அடுத்த நிலையான விஎஃப்எல்-இல் ஆடி, வயது கூடிய பிறகு உள்ளே வருகிறவர்களும் உண்டு. பெயர் வராத அந்த இரவில் என்ன செய்வோம் என்பதை மகனோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலையில் போக அவனுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

முதல் வேலையாக, பள்ளியின் விசிஇ ஒருங்கிணைப்பாளரையும் அணியின் பயிற்சியாளரையும் ஒரே வாரத்தில் சந்திக்க நேரம் வாங்குங்கள். அப்பாவும் வரட்டும். கேள்விகளை மகனே கேட்கட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி என்ன சொன்னது என்று எனக்கு எழுதினால், பாடத் தேர்வை நாம் சேர்ந்து பார்க்கலாம்.