புற்றுக்கட்டிக்குள் பொட்டாசியம்: அயனி வாய்க்கால் மரபணுக்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியர்): நரம்புக்கும் இதயத்துக்கும் உரியவை என்றே அயனி வாய்க்கால்களைப் பாடத்தில் சொல்லித் தருகிறோம். நோய் எதிர்ப்புச் செல்களில் அவற்றுக்கு என்ன வேலை?

பதில்: செல் சவ்வில் பதிந்திருக்கும் இந்தப் புரதங்கள், வயல் மடையைப் போலத் திறந்து மூடி, பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகளைக் கடத்துகின்றன. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களில் பொட்டாசிய வாய்க்கால் இருப்பது 1984-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. பகையை அடையாளம் கண்ட டி செல்லுக்குள் ஓராய்1 என்னும் வாய்க்கால் வழியே கால்சியம் பாய்கிறது. அந்த வரத்து தொடர வேண்டுமானால் உள்ளிருந்து பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவை கேவி1.3, கேசிஏ3.1 என்னும் இரண்டு வாய்க்கால்கள். இவற்றுக்குரிய மரபணுக்கள் முறையே கேசிஎன்ஏ3, கேசிஎன்என்4 ஆகும்.

கேள்வி (மருத்துவ மாணவர்): கட்டிக்குள் நுழைந்த டி செல்கள் சோர்ந்துபோவதற்குப் பொட்டாசியமும் ஒரு காரணம் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் போதாமல் செல்கள் கொத்துக் கொத்தாக மடிகின்றன. உயிருள்ள செல்லுக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. வெளித் திரவத்தில் 5 மில்லிமோல் அளவே இருக்கும். மடிந்த செல் உடையும்போது அதன் பொட்டாசியம் முழுவதும் வெளியே கொட்டிவிடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராபர்ட் ஐல், நிக்கோலஸ் ரெஸ்டிஃபோ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியின் இடைத்திரவத்தில் இந்த அளவு 40 மில்லிமோல் வரை உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். வெளியே இவ்வளவு தேங்கும்போது டி செல்லுக்குள்ளும் பொட்டாசியம் மிகுந்து, ஏகேடி, எம்டார் என்னும் சமிக்ஞைப் பாதை அடங்கிவிடுகிறது. அந்தச் செல் பகைவனைக் கண்டும் கை ஓங்க இயலாமல் நிற்கிறது. கேசிஎன்ஏ3 மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தியபோது, உள்ளே மிகுந்த பொட்டாசியம் வடிந்து, எலிகளில் அந்த டி செல்கள் மீண்டும் கட்டியைத் தாக்கின. வடிகாலை அகலப்படுத்தினால் வயல் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை இத்துறையில் நான் பார்த்ததில்லை.

கேள்வி (ஆய்வு மாணவி): பொதுத் தரவுத்தளத்திலிருந்து கட்டிகளின் ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் நகல்) அளவுகளை எடுத்து, அயனி வாய்க்கால் மரபணுக்களைக் கொண்டு ஓர் இடர் மதிப்பெண் உருவாக்கியிருக்கிறேன். கேசிஎன்ஏ3 மிகுந்த நோயாளிகள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். புற்றுசெல்லில் இந்த மரபணு கூடுவது நல்லது என்று எழுதலாமா?

பதில்: அப்படி எழுத வேண்டாம், அம்மா. நீங்கள் அளந்த துண்டில் புற்றுசெல், டி செல், மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல், இரத்தக் குழாய்ச் செல் எல்லாம் ஒன்றாக அரைபட்டிருக்கின்றன. கேசிஎன்ஏ3 டி செல்களில் மிகுதியாக வெளிப்படும் மரபணு என்பதால், அதன் அளவு உயர்ந்திருப்பது பல வேளைகளில் அந்தக் கட்டிக்குள் டி செல்கள் நிறைய நுழைந்திருக்கின்றன என்பதையே சொல்லும். அவ்வாறு நுழைந்திருப்பது பல புற்றுநோய்களில் நல்ல அறிகுறி என்பது முன்பே தெரிந்ததுதான். சிபர்சார்ட் போன்ற கணிப்பு முறையால் 22 வகை நோய் எதிர்ப்புச் செல்களின் பங்கைக் கணித்து, அதனோடு உங்கள் மதிப்பெண் ஒத்துப்போகிறது என்று காட்டினாலும், ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதாகவே அது முடியக்கூடும். முதலில், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த ஒற்றைச் செல் தரவில் அந்த ஆர்என்ஏ யாருடையது என்று பாருங்கள்.

இரண்டாவதாக, ஆர்என்ஏ இருப்பதால் மட்டும் மடை திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது. செல் சவ்வின் வழியே பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் மேசையில் உட்கார்ந்தால் இது கண்ணெதிரே விளங்கும். ஒரு மைக்ரான் அளவே நுனியுள்ள கண்ணாடிக் குழாயை டி செல்மேல் மெல்லப் பதித்து, மிக இலேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிய நொடியில் திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கோடு அடங்கிவிடும். அதன் பிறகு தெரியும் பிகோ ஆம்பியர் மின்னோட்டம்தான் வாய்க்காலின் உண்மையான வேலை. ஒரு செல்லுக்காவது அதை அளந்து பார்க்கும் ஆய்வகத்தோடு சேர்ந்து பணியாற்றுங்கள். உங்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கேள்வி (நோயாளியின் மகன்): அப்பாவுக்கு இளநீரும் வாழைப்பழமும் கொடுக்கலாமா? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கிறார், அதுவும் கால்சிய வாய்க்காலை அடைப்பதுதானே?

பதில்: கட்டிக்குள் தேங்கும் பொட்டாசியம் அங்கே மடிந்த செல்களிலிருந்து வருவது, உணவிலிருந்து வருவதன்று. இரத்தத்தின் அளவைச் சிறுநீரகம் 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் காத்துக்கொள்கிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மட்டும் இளநீரைப் பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அம்லோடிபின் அடைப்பது இரத்தக் குழாய்த் தசையின் வாய்க்காலை. டி செல்லின் ஓராய்1 வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (மருந்தாளுநர்): புற்றுசெல்லிலும் இந்த வாய்க்கால்கள் உண்டு என்றால், அடைக்கும் மருந்து நல்லதா, திறக்கும் மருந்து நல்லதா?

பதில்: எந்தச் செல்லில் என்பதைப் பொறுத்தே விடை மாறும். மூளைக் கட்டியான கிளியோமாவின் செல்கள் ஊர்ந்து பரவுவதற்குக் கேசிஏ3.1 துணைபோகிறது. ஆகவே, அரிவாள் செல் சோகைக்காக உருவாக்கப்பட்ட செனிகாபாக் என்னும் அடைப்பானை அங்கே சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் கட்டியை நோக்கி டி செல் நகர்வதற்கும் அதே வாய்க்கால் தேவை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் லாரா கான்ஃபோர்ட்டி குழுவினர், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளின் புற்றுசெல்லைக் கொல்லும் வகையான சிடி8 டி செல்களில் கேசிஏ3.1 வலுவிழந்திருப்பதையும், கட்டியில் மிகும் அடினோசின் என்னும் சேர்மம் அந்தச் செல்களின் நகர்வைக் கெடுப்பதையும் 2018-இல் காட்டினார்கள். அங்கே அந்த வாய்க்காலைத் திறக்கும் சேர்மத்தைக் கொடுத்தபோதுதான், அடினோசின் சூழலிலும் அந்தச் செல்கள் மீண்டும் நகர்ந்தன.