கேட்ச் கேன் மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: வக்கீல் சார், பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 12 லட்சத்துக்கு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். வாரண்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பைப்பில் ஆயில் படிவதைப் பார்த்து, ஓசூரில் ஒரு கராஜில் 8,000 ரூபாய்க்கு அந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் மாட்டினேன். பில் இல்லை, பணம் ஜீபேயில் போட்டேன். பிறகு நானே கேனுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்தேன். இன்டேக்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, அந்த வாயை மூடி, கேன் மேல் சின்ன ஃபில்டர் வைத்தேன். போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பவர் போய், புகை வந்தது. டர்போ போய்விட்டதாம், 1,40,000 ரூபாய் ஆகுமாம். கேன் மாட்டியதால் வாரண்டி மொத்தமும் ரத்து என்று வாயால் சொல்லிவிட்டார்கள். வண்டி சர்வீஸ் சென்டரில்தான் நிற்கிறது. கேனைக் கழற்றிவிட்டு வேறு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார் என் மச்சான். கேன் மாட்டியது குற்றமா? கேஸ் போடலாமா?

பதில்: கேஸ் போடலாம். ஆனால் முதலில், மச்சான் சொன்னதைச் செய்யாதீர்கள். வண்டி உள்ளே வந்த அன்றே பானட்டைத் திறந்து போட்டோ எடுத்திருப்பார்கள். கேனைக் கழற்றிவிட்டு, நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் "நான் எதையும் மாற்றவில்லை" என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், டர்போ பிரச்சினை போய்ப் பொய்ப் பிரமாணப் பிரச்சினை வந்து நிற்கும். கேன், ஹோஸ், அந்தக் கம்பி நார் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உங்களுக்கு எதிராகப் பேசக்கூடிய அதே பொருள்கள் உங்களுக்காகவும் பேசலாம்.

குற்றமா என்ற கேள்விக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என்ஜின் எண், சி.சி., எரிபொருள், இருக்கை, எடை, நிறம் இவற்றில் எதையும் கேட்ச் கேன் தொடுவதில்லை. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின் வலை கொஞ்சம் அகலம். அனுமதியில்லாத விதத்தில் பாகங்களைப் பொருத்தி மாற்றுவதும் அதற்குள் வரும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 52-ஆம் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு என்றாலும் அந்தத் தீர்ப்பு நம் ஊருக்கும் பொருந்தும்.

உங்கள் விஷயத்தில் எல்லாம் ஒரு ஹோஸில் வந்து நிற்கிறது. பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் வாயு, ஆயில் ஆவியோடு என்ஜினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸில் சேரும். கம்பெனி அமைப்பு அதை இன்டேக்குக்குத் திருப்பி எரித்துவிடும். நடுவில் ஒரு கேனை வைத்து, ஆயிலை மட்டும் பிடித்துக்கொண்டு, வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பினால் காற்றில் எதுவும் கலப்பதில்லை. ஓசூரில் முதலில் மாட்டியது அப்படித்தான். அதோடு விட்டிருந்தால் உங்கள் பக்கம் தைரியமாக வாதாடுவேன். நீங்கள் ஹோஸைக் கழற்றி வாயுவை வெளியே விட்டுவிட்டீர்கள். பெட்ரோல் காரில் கிரான்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது என்பது பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிமுறைப் பரிசோதனையில் ஒரு தனி அம்சம். காற்று மாசு தரத்தை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கப்படும். "புகைச் சான்று கையில் இருக்கிறதே" என்பீர்கள். அந்தச் சோதனையில் குழலைச் சைலன்சரில்தான் விடுகிறார்கள். பானட்டுக்குள் கசிவது அதில் தெரியாது.

சரி, வாரண்டி. வாரண்டி புத்தகத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். "மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை" என்றிருந்தால் அது ஒன்று; "மாற்றம் செய்தாலே வாரண்டி ரத்து" என்றிருந்தால் அது வேறு. முதல் வகை என்றால் கேன்தான் டர்போவைக் கெடுத்தது என்று அவர்கள் காட்டியாக வேண்டும் என்பதே நம் வாதம். விலக்கைச் சொல்லித் தப்பிக்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வகை என்றால், அந்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்கலாம். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி அந்த வாதத்தை மாநில ஆணையத்தில்தான் வைக்க முடியும், மாவட்ட ஆணையத்தில் முடியாது. இதைக் கவனிக்காமல் மனுவில் எழுதி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மாவட்டத்தில் சேவைக் குறைபாடு என்றே போங்கள்.

கேன் கெடுத்ததா இல்லையா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது, விழுகிறது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்கில் பாதி வேலை மெக்கானிக் வேலைதான். டர்போவின் தாங்கியை (பேரிங்) நனைத்த ஆயில் தன் எடையால்தான் கிரான்க்கேஸுக்கு இறங்குகிறது. கம்பி நாரில் கசடு அடைத்து, கிரான்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தால் ஆயில் கீழே இறங்காமல் டர்போ சீல் வழியே கசிந்து புகைந்திருக்கும். அப்படியானால் பழி உங்கள் மேல்தான், மறைத்துப் பயனில்லை. ஹோஸ் இணைந்திருந்த நாளில் நாரின் துணுக்கு ஏதாவது பிய்ந்து உள்ளே போயிருந்தால் காற்றை அழுத்தும் சக்கரத்தின் இதழ்களில் வெட்டு தெரியும். மாறாக, டர்போவின் தண்டு (ஷாஃப்ட்) நீலம் பாய்ந்து, தாங்கியில் கோடு விழுந்திருந்தால் டர்போவுக்கு ஆயில் போதவில்லை என்று அர்த்தம். ஆயில் வரும் குழாய் அடைத்ததோ, பம்பு பலவீனமோ, ஆயிலை நேரத்தில் மாற்றாததோ காரணமாக இருக்கும். அதற்கும் கேனுக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வாரண்டி மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இல்லாமல் டர்போவைப் பிரிக்கக் கூடாது, பிரிக்கும்போது தண்டு, இதழ்கள், ஆயில் குழாய், கேனின் உட்புறம் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும், பழைய டர்போவைத் தூக்கிப் போடக் கூடாது என்று கேளுங்கள். ஜாப் கார்டு நகலும் இதுவரை செய்த சர்வீஸ் பில்களும் கையில் இருக்கட்டும். பொருளை ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. செலவை நீங்கள் கட்ட வேண்டிவரும். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் ஒரு மெக்கானிக்கல் பேராசிரியரிடம் எழுத்துப்பூர்வக் கருத்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஓசூர் கராஜையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியும். பில் இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஜீபே பதிவே போதும். ஆனால் அவர் மாட்டிக் கொடுத்ததை நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். அவர் முதலில் சொல்வது அதைத்தான். என் யோசனை, அவரை எதிரியாக்காமல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுப் போடலாம். மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கட்டணம் கொடுத்த விலையை வைத்துக் கணக்காகும். 12 லட்சத்துக்கு 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே நின்று பேசலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரும் பதிந்துவையுங்கள். சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்ற நினைப்பு வேண்டாம். இயந்திரக் கோளாறு சாதாரணப் பாலிசியில் வராது, கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா, மண்டி பெயரிலா? மண்டி பெயரில் என்றால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணையாக இருக்கும். குடும்பத் தேவைக்கு ஓட்டிய வண்டி என்று காட்ட வேண்டிவரும். மனு எழுதும் முன் அதைத் தெரியப்படுத்துங்கள்.