தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கினால்

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள் நான். பறை அடித்த என் தாத்தாவைப் பற்றி 64 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் நானே எழுதி வரைந்து வைத்திருந்தேன். சென்னையில் ஒரு நிறுவனம் அதை விலை பேசி வாங்கியது. கடைசி ப்ரூஃபில் என் படத்தையே மாற்றியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் தோளில் துண்டோடு நிமிர்ந்து நிற்கும் தாத்தா, இப்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார். போனில் கேட்டால், "அந்தக் காலத்துல அப்படித்தானேம்மா இருந்தாங்க" என்கிறார் மேலாளர். என் பெயரையும் 'ஓவிய உதவி' என்று சுருக்கிவிட்டார்கள். எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். நீங்கள் விற்றது காப்புரிமையை (காப்பிரைட்). அதை விற்ற பிறகும் உங்களிடமே தங்கும் உரிமை ஒன்று இருக்கிறது. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு அதை இரண்டாகச் சொல்கிறது. படைப்பு என்னுடையது என்று உரிமை கோரலாம். உங்கள் மானத்துக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி அதைச் சிதைத்தால், தடுக்கவோ நஷ்டஈடு கேட்கவோ செய்யலாம்.

சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். சிற்பம் அரசின் சொத்துதான். ஆனாலும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்க வைத்தது.

உங்கள் வழக்கின் உயிர் அந்தத் துண்டில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைச் சின்னத் திருத்தம் என்றுதான் வாதாடும். தோளில் துண்டு போடக் கூடாது என்று எந்தச் சாதிகளைத் தடுத்தார்கள், அதை மீறியவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதை மனுவில் விரிவாக எழுத வேண்டும். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், தாத்தாவைக் குனிய வைத்தது பேத்திதான் என்று நினைப்பார். நற்பெயருக்குக் கேடு என்று சட்டம் சொல்வது இதைத்தான். இதைப் படித்தபோது எனக்கே ஆறவில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவர்கள் புத்தகத்தை வெளியிடாமலே கிடப்பில் போட்டால் 57-வது பிரிவு உதவாது. அப்போது 19-வது பிரிவுதான் கைகொடுக்கும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால், ஒரு வருடம் பயன்படுத்தாத உரிமை உங்களிடமே திரும்பிவிடும். அதே பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 வருடத்துக்குத்தான் செல்லும். நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்து வரைந்திருந்தால் காப்புரிமை முதலிலேயே அவர்களுடையதாகியிருக்கும். நல்லவேளை, நீங்கள் அப்படி வரையவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். வேண்டுமென்றே அவமதித்தார்கள், அதுவும் பொதுப் பார்வையில் நடந்தது என்று காட்டினால்தான் அந்தப் புகார் நிற்கும். போனில் உங்களிடம் மட்டும் பேசியது அதற்குப் போதாது. பலர் முன்னால் சாதியைச் சொல்லிப் பேசியிருந்தால் தனியாக எழுதுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். அமெரிக்காவில் 1993-இல் கறுப்பினப் படைப்பாளிகள் சிலர் சேர்ந்து மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அச்சும் விநியோகமும் டிசி காமிக்ஸ் பொறுப்பு. கதாபாத்திரங்களின் காப்புரிமை மைல்ஸ்டோனிடமே இருந்தது. நீங்களும் உரிமையை விற்காமல் உரிமம், அதாவது வெளியிடும் அனுமதி மட்டும் கொடுங்கள். உடை, உருவம், பேச்சு எதை மாற்றினாலும் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லேயரோடு இருக்கும் மூலக் கோப்புகள், அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர்களின் ப்ரூஃப் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பழைய பக்கத்தைத் திரும்ப வைக்கவும், எழுத்து, ஓவியம் இரண்டுக்கும் உங்கள் பெயரைப் போடவும் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியில் அச்சுக்குப் போகிறது என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், உடனே தடை கேட்டு வழக்கு. 62-வது பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். அச்சடித்துக் கடைக்குப் போன பிரதிகளைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு, அதனால் அந்தத் தேதிக்கு முன்பே தடை உத்தரவு கையில் இருக்க வேண்டும்.