காட்டை எரித்துப் பயிர் செய்வது பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்தால் காடு அழியத்தானே செய்யும்?

எரிப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே இடத்துக்கு எத்தனை வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடம் பயிர் வைத்துவிட்டுப் பதினைந்து, இருபது வருடம் சும்மா விட்டால் அடிக்கட்டைகள் துளிர்க்கும், பறவையும் வௌவாலும் பக்கத்துக் காட்டிலிருந்து விதை கொண்டுவந்து போடும், மறுபடி மரங்கள் மூடிவிடும். வடகிழக்கு இந்தியாவில் ஜூம் எனப்படும் இதே சாகுபடியில் இந்த இடைவெளி முன்பு 20, 30 வருடம்கூட இருந்தது. இப்போது பல இடங்களில் 3 முதல் 5 வருடம்தான், சிக்கலே அங்குதான். மக்கள்தொகையைக் காரணம் சொல்வார்கள், சரி, ஆனால் தோட்டப்பயிர்களுக்கு நிலம் போனதும் சேர்ந்துதான் சுழற்சியைச் சுருக்கியது.

கேள்வி: சாம்பல் நல்ல உரம் என்கிறார்களே, அப்புறம் ஏன் இடம் மாற வேண்டும்?

சாம்பலில் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் உண்டு, மண்ணின் அமிலத்தன்மையையும் அது குறைக்கும். ஆனால் தாவரங்களில் இருந்த நைட்ரஜனும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும், மிச்சச் சத்தையும் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். சத்துக் குறைவுக்குச் சமமாக ஆளை விரட்டுவது களை. முதல் வருடம் தீயில் களை விதைகள் நிறைய செத்திருக்கும், மூன்றாம் வருடம் களையெடுத்தே முதுகு ஒடியும். ஓய்வு போதாத நிலத்தில் தர்ப்பை மாதிரிப் புல் ஏறிவிட்டால் இன்னும் மோசம், மண்ணுக்கடியில் தண்டு ஓடுவதால் எரித்தாலும் சாகாது, மரக்கன்றையும் எழவிடாது.

கேள்வி: மண் அரிப்பு?

உண்டு, முக்கியமாகப் பயிர் மூடுவதற்கு முந்தைய மழையில். உழாமல் குத்துக்கோலால் விதைப்பதும் அடிக்கட்டைகளை விட்டுவைப்பதும் அதைக் குறைக்கும்.

கேள்வி: புவி வெப்பமாதலில் இதற்குப் பங்கு உண்டா?

உண்டு. எரியும்போது வெளியேறும் கார்பனைத் திரும்ப வளரும் காடு வாங்கிக்கொள்ளும், ஆனால் மெதுவாக. வெப்பமண்டலத்தில் கைவிட்ட நிலங்களில் மண்வளம் பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய தேறிவிடுகிறது, மரங்களின் மொத்த எடை பழைய அளவை நெருங்க 120 வருடம்கூட ஆகிறது. அதனால் இருபது வருடச் சுழற்சியும் முதிர்ந்த காட்டுக்கு ஈடாகாது.

கேள்வி: பேசாமல் தடை செய்துவிடலாமே?

சாப்பாட்டுக்கு வேறு வழி காட்டாமல் தடை போட்டால் ஒளிந்து செய்வார்கள். நாகாலாந்தின் கோனோமா கிராமத்தில் ஆல்டர் மரத்தை அடியோடு வெட்டாமல் தலையை மட்டும் கழிக்கிறார்கள், அதன் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் குறைந்த ஓய்வையும் நிலம் தாங்குகிறது. ஆல்டர் குளிர்ந்த மலைக்குத்தான் ஏற்றது, தாழ்வான இடங்களில் துவரை போன்ற பயறுச்செடிகளை வைத்துப் பார்க்கலாம்.