புதிய டைமிங் பெல்ட் மாட்டியும் இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் இல்லை

ஓட்டத்தில் டைமிங் பெல்ட் அறுந்து, புதியது மாட்டியும் இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படுவது) இல்லை, இன்ஜினையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; இப்போதைக்கு வேண்டாம். பெல்ட்டின் குறிகள் சரியாகப் பொருந்தியிருந்தும் இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் வரவில்லை என்றால், பெரும்பாலும் வால்வுகள் (சிலிண்டருக்குள் காற்று வரும், புகை போகும் வழிகளைத் திறந்து மூடுபவை) வளைந்திருக்கும்; சிலிண்டர்களின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அவற்றை மாற்றலாம்.

ஓட்டத்தில் பெல்ட் அறுந்ததும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், ஆனால் பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க்ஷாஃப்ட் வேகம் தணியும்வரை சுற்றிக்கொண்டிருப்பதால், பல இன்ஜின்களில் திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் மோதிவிடுகிறது. வளைந்த வால்வு அதன் இருக்கையில் முழுமையாக அமராது; அதனால் காற்று கசிந்து கம்ப்ரஷன் வராது.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், பழுதான சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் திரும்பாதபடி தடுத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திப் பாருங்கள். காற்று வடிகட்டிப் பக்கம் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஆயில் ஊற்றும் வாயில் பலமாகக் கேட்டால் பிஸ்டனோ அதைச் சுற்றியுள்ள ரிங்கோ சேதமடைந்திருக்கலாம். அப்போது செலவுக் கணக்கே மாறிவிடும்.

அதுவரை ஸ்டார்ட்டரைத் தயவுசெய்து இயக்காதீர்கள். வளைந்த வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தால், இப்போது காப்பாற்றக்கூடிய பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் பாழாகும்.

ஹெட்டைக் கழற்றியபின் வால்வின் தண்டு நகரும் குழல்களான வால்வு கைடுகளையும் பிஸ்டன் தலைகளையும் சோதியுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதை வழிநடத்தும் உருளையான ஐட்லரையும், பெல்ட்டால் ஓடுவதாயின் வாட்டர் பம்பையும் மாற்றுங்கள்; இவற்றில் ஒன்று இறுகிப்போனதுகூடப் பெல்ட்டை அறுத்திருக்கலாம். மாட்டியபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, எங்கும் தட்டவில்லை என்று உறுதியான பிறகே சாவியைத் திருப்புங்கள்.